தம்பி என்ன படிக்குது?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில், கல்லூரி அரங்கில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே தரப்பட்டுள்ளது.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஆட்டிசம் பத்திப் பேசுங்க மேடம், பசங்களுக்கு ஒரு விழிப்புணர்வா இருக்கும்" என்றார். விழிப்புணர்வு என்றதும் எல்லோரும் எதிர்பார்ப்பது, குழந்தைக்கு எத்தனை மாதத்தில் என்ன அறிகுறி, எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிற விஷயங்களை. அதைச் சொல்ல இன்றைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச நினைப்பது அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் வருஷத்துக்கு ஒரு வயசு கூடுகிறது. முப்பது ஆகிறது, நாற்பது ஆகிறது. ஆனால் பஸ்ஸிலும் பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் ஊர் அவரைப் பையன் என்றும் பாப்பா என்றும்தான் பார்க்கிறது.

எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1992-இல் இங்கே விலங்கியல் முடித்தேன். பிறகு சிறப்புக் கல்வியில் பயிற்சி பெற்று அதிலேயே வேலை பார்க்கிறேன். என் தம்பிக்கு ஆட்டிசம். 1975 ஜனவரியில் பிறந்தவன். அக்கா என்கிற உரிமையில் நான் 'அவன்' என்று சொல்கிறேன். உங்களுக்கு அவர் 'அவர்'தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

ரயிலில் போகிறோம் என்று வையுங்கள். எதிர் சீட்டில் ஒரு பெரியவர். தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே வரும் கிலோமீட்டர் கல்லையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வருகிறான். பெரியவர் கொஞ்ச நேரம் பார்க்கிறார். அப்புறம் அவனிடம் இல்லை, என்னிடம் கேட்கிறார்: "தம்பி என்ன படிக்குது?" அந்தத் தம்பிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது! காதோரம் நரை இருக்கிறது. ஆனால் அந்த நரை பெரியவர் கண்ணில் படுவதில்லை. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது; பிரியமாகத்தான் கேட்கிறார். கையில் இருக்கிற கடலை மிட்டாயை வேறு நீட்டுவார்.

'படிக்குது' என்கிற அந்த வினையைக் கவனியுங்கள். தமிழில் குழந்தையை 'அது' என்று சொல்கிறோம். 'அது தூங்குது, அது சிரிக்குது' என்பதில் எவ்வளவு செல்லம்! தொல்காப்பியமே மகவு, குழவி என்கிற சொற்களுக்கு அஃறிணை முடிபைத் தருகிறது என்று தமிழ் ஐயா நடத்தியது ஞாபகம் இருக்கிறது. இந்தச் செல்லம் குழந்தைக்குப் பொருந்தும். நாற்பத்தைந்து வயது மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "இது பேசுமா?" என்று கேட்டால் அது செல்லமாகவா இருக்கிறது? ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. நமக்கு நீ, நீங்க என்று இரண்டு. ஆளைப் பார்த்த முதல் நொடியில், வாயைத் திறக்கும் முன்பே, இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும். அங்கேயே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

ஏன் வயது தப்பாகத் தெரிகிறது? முகத்தை மட்டும் பார்த்து நாம் யாருக்கும் வயது சொல்வதில்லை. நடை, பார்வை, குரல், உடை, கூட வருகிற ஆள், எல்லாவற்றையும் சேர்த்து மனசு ஒரு கணக்குப் போடுகிறது. நம் ஊரில் பெரிய மனுஷன் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஆணென்றால் மீசை, சட்டைப்பையில் பேனா, இடுப்பில் சாவிக்கொத்து, பைக். பெண்ணென்றால் தாலி, மெட்டி, தோளில் கைப்பை. எல்லாவற்றுக்கும் மேலே, கல்யாணம். கல்யாணம் ஆகாதவன் ஐம்பது வயசானாலும் வீட்டில் 'பையன்'தான். ஆட்டிசம் உள்ளவரிடம் இந்த அடையாளங்கள் பெரும்பாலும் இருக்காது. கழுத்துப் பட்டை உறுத்தும், அதனால் பழகிப்போன டீ ஷர்ட். பெல்ட் இறுக்கும், அதனால் எலாஸ்டிக் பேன்ட். கண்ணைப் பார்த்துப் பேசுவது கஷ்டம். குரல் ஒரே சுருதியில் இருக்கும், அல்லது ராகம் போட்டது போல ஏறி இறங்கும். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வார்கள். சந்தோஷம் வந்தால் கையை உதறுவார்கள். பக்கத்தில் அம்மாவோ அக்காவோ. பார்ப்பவர் மனசுக்கு இவ்வளவும் சேர்ந்து கூட்டிக் கழித்து வருகிற விடை: 'சின்னப் பையன்'.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் இல்லாதவர்களும் பேசியதைப் பதிவு செய்து, சிறு துண்டுகளாக மற்றவர்களுக்குக் காட்டினார்கள். சில நொடிகளிலேயே பார்த்தவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களைக் குறைத்து மதிப்பிட்டு, 'இவரோடு பேசிப் பழக விருப்பமில்லை' என்கிற பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது, சொன்ன விஷயத்தில் குறை இல்லை. குரலும் முகமும் வந்து குறுக்கே நின்றுவிட்டன.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி. பி.காம். படித்தவர், ஆட்டிசம் உள்ளவர், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார். ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய குரல் மெல்லிசு. போனை எடுத்து 'வணக்கம்' சொன்னாலே எதிர்முனையில் இருப்பவர், "பாப்பா, பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா" என்பாராம். இவர் கொஞ்சமும் கோபப்படாமல், "எனக்கு முப்பத்திரண்டு வயசு ஆகுது. இந்தக் கணக்குக்குப் பெரியவங்க நான்தான்" என்று பதில் சொல்வார். அவர் பொய்யும் பேசமாட்டார், சுற்றி வளைத்தும் பேசமாட்டார். (அரங்கில் சிரிப்பு.) சிரிக்கலாம், அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதே பெண்மணி பல்வலியோடு போனபோது, டாக்டர் அவர் அம்மாவைப் பார்த்து, "பாப்பாவுக்கு எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்டிருக்கிறார். இவர் இடதுபக்கம் என்று இரண்டு தடவை சொல்லியும் குறிப்பில் ஏறியது அம்மா காட்டிய வலதுபக்கம். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் இடதுபக்கம் சீழ் கோத்திருப்பது தெரிந்தது. இங்கே மருத்துவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். ஆட்டிசம் உள்ளவரின் முகம் வலியைக் காட்டாமல் இருக்கலாம். வாய் சொன்னால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் குழந்தைப் பார்வைக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கன்னர் என்கிற மனநல மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக விரிவாக வர்ணிக்கப்பட்டது. அடுத்த வருஷமே அதற்கு அவர் வைத்த பெயரில் 'சிசு' வந்துவிட்டது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேட்டிலும் பெயர் 'சிசுப்பருவ ஆட்டிசம்'தான். 1987-இல்தான் அந்தச் சிசு என்கிற அடைமொழி போனது. பெயரிலேயே குழந்தை இருந்தால் பெரியவர்கள் எங்கே கண்ணில் படுவார்கள்? இன்றைக்கும் பாருங்கள், '31 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம்' என்று 2025-இல் பத்திரிகைகளில் வந்ததே, அது அமெரிக்காவில் 8 வயதுக் குழந்தைகளை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு. 2011-இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் அங்குள்ள உள்ளூர் ஆட்டிசச் சங்கங்களின் பக்கங்களைப் பார்த்தபோது, அவர்கள் காட்டிய மனிதர்களில் 95 சதவீதம் குழந்தைகளாகவே இருந்தார்களாம்.

கன்னர் எழுதிய அந்த 11 பேரில் முதலாவது குழந்தை டொனால்ட் டிரிப்லெட். அவர் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரும் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்கிற சின்ன ஊர். 1933-இல் பிறந்தார். நாலு வயது முடிவதற்குள் டாக்டர் சொல்படி ஒரு விடுதியில் விட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பெற்றோரே போய்த் திரும்ப அழைத்துவந்தார்கள். பிறகு கல்லூரியில் பிரெஞ்சு மொழி எடுத்து 1958-இல் பட்டம் வாங்கினார். குடும்பத்துக்குச் சம்பந்தப்பட்ட உள்ளூர் பாங்கில் வேலை. 27 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கோல்ஃப் ஆடினார். தனியாகவே நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தார். 2023-இல், 89 வயதில் காலமானார். வசதியான குடும்பம், தெரிந்த ஊர், எல்லாம் அவருக்கு அமைந்தது. நம் வீடுகளில் எல்லோருக்கும் அப்படி அமையாது என்பது தெரியும். ஆனாலும் 'ஆட்டிசக் குழந்தை' என்று உலகம் முதன்முதலில் எழுதிவைத்த ஆள், தாத்தா வயது வரை வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்தது 'மனவயது'. இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1983-இல் தம்பிக்கு எட்டு வயது. ஓர் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்து "மூளை வளர்ச்சி அஞ்சு வயசு" என்று எழுதிக் கொடுத்தார்கள். 1999-இல் வேறோர் இடத்தில் மறுபடி பரிசோதனை. அப்போது அவனுக்கு 24. இந்தத் தடவை "ஏழு வயசு". ஆக, காகிதத்தின்படி பதினாறு வருஷத்தில் அவன் இரண்டு வயசு வளர்ந்திருக்கிறான். அந்தப் பதினாறு வருஷத்தில் குக்கரில் சோறு வைக்கக் கற்றுக்கொண்டான். எங்கள் ஊர் டவுன் பஸ் நம்பர்கள் அத்தனையும் வழித்தடத்தோடு மனப்பாடம். வீட்டுச் சாவி அவன் பொறுப்பு. அப்பா இறந்த பிறகு ஒரு வருஷம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய செருப்பை வாசலில் எடுத்து வைப்பான். ஏழு வயசுக் குழந்தையின் துக்கமா அது? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உளவியல் மாணவர்கள் இருக்கிறீர்கள், இது உங்கள் பாடம். பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே 1905-இல் பரிசோதனையை உருவாக்கியது, பள்ளியில் எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். 1908-இல் கேள்விகளை வயது வாரியாக அடுக்கினார். அங்கிருந்து வந்ததுதான் மனவயது. அதன் அர்த்தம் இவ்வளவுதான்: ஏழு வயதுக் குழந்தைகள் சராசரியாக எத்தனை கேள்விக்கு விடை சொல்கிறார்களோ, அத்தனைக்கு இவரும் சொன்னார். கேள்வித்தாளின் மதிப்பெண் அது. அந்த ஆளின் ஆசை, வெட்கம், அனுபவம், கோபம் எதுவும் அந்தத் தாளில் இல்லை. பெரியவர்களுக்கு இந்த வயதுக் கணக்கு ஒத்துவராது என்று, 1939-இலேயே வெக்ஸ்லர் தன் பரிசோதனையில் அதை விட்டுவிட்டு, அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் முறைக்குப் போய்விட்டார். ஆனால் சொல் மட்டும் தங்கிவிட்டது. நம் சினிமாவும் தன் பங்குக்குச் செய்தது. 2011-இல் வந்த 'தெய்வத்திருமகள்' படத்தில் விக்ரம் நன்றாகவே நடித்திருந்தார், நானும் அழுதேன். ஆனால் 'உடம்பு பெரியவன், மனசு ஆறு வயசு' என்கிற அந்த ஒற்றை வாக்கியம், அந்தப் படத்துக்குப் பிறகு எத்தனை வீட்டு வாசலில் எங்கள் காதில் விழுந்தது தெரியுமா?

குழந்தை என்று நினைத்தால் நஷ்டம் என்ன, அன்பாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சில்லறை நஷ்டங்களை முதலில் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். அவனுக்கு 46. முகாமில் இருந்த பெண், "பசங்களுக்கு இன்னும் வரலை மேடம், நீங்க மட்டும் உட்காருங்க" என்று அவனை வரிசையிலிருந்து எழுப்பிவிட்டார். ஆதார் அட்டையைக் காட்டிய பிறகும் இரண்டு பேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பாங்கில் கணக்குத் தொடங்கப் போனால், "மைனர் அக்கவுண்டா?" என்றார்கள். 2024 தேர்தலில் வாக்குச்சாவடியில், "இந்தப் பையனுக்கும் ஓட்டு இருக்கா?" என்றார் ஒருவர். இருக்கிறது. 18 வயது நிறைந்து பட்டியலில் பெயர் இருந்தால் உண்டு. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தால்தான் தகுதி போகும். ஆட்டிசம் என்று ஒரு சான்றிதழ் இருப்பதால் ஓட்டு போய்விடாது. தேர்தல் வேலைக்குப் போகிற ஆசிரியர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

பெரிய நஷ்டம் வேறு. இதைச் சொல்லும்போது அரங்கில் கொஞ்சம் சங்கடம் வரும், பரவாயில்லை. பத்து வயதில் ஒரு பையன் வீட்டுக்கு வருகிற அத்தைகளைக் கட்டிப்பிடிக்கிறான். எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். பதினெட்டிலும் கட்டிப்பிடிக்கிறான், "குழந்தைதானே" என்கிறார்கள். முப்பது வயதில் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கிறான். அந்த ஒரு நிமிஷத்தில் ஊருக்கு அவனுடைய நிஜ வயது ஞாபகம் வந்துவிடுகிறது! அடி விழுகிறது. அந்தப் பெண் பயந்ததில் தப்பில்லை. ஆனால் யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது, உன்னை யார் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு இருபது வருஷமாக யாரும் சொல்லவே இல்லையே. குழந்தைக்கு எதற்கு அதெல்லாம் என்று விட்டுவிட்டோம். உடம்பு மட்டும் தன் வயதுக்கு வந்துகொண்டே இருந்தது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் ஆபத்து. 'அதுக்கு ஒண்ணும் தெரியாது' என்று வீடு நினைத்துக்கொண்டிருக்கும். தெரியாதவளாக வளர்ந்த பெண்ணைக் குறிவைக்கிற ஆளுக்கு அதுதானே வசதி.

மனவயது நம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இரண்டு வழக்குகள். இரண்டுமே ஆட்டிசம் வழக்குகள் அல்ல, ஆனால் நமக்குப் பொருந்துகிறவை. 2009-இல் ஒன்று. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள அனாதைப் பெண். பலாத்காரத்தால் கர்ப்பமாகிவிட்டார். அவருடைய மனவயது ஒன்பது என்றார்கள். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண்ணோ பெற்றுக்கொள்ள விரும்பினார். உச்ச நீதிமன்றம், பெரியவளான அவருடைய சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

இரண்டாவது, 2017. டில்லியில் 38 வயதுப் பெண், மூளை முடக்குவாதம் உள்ளவர், மனவயது ஆறிலிருந்து எட்டு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவர். போக்சோ என்கிற குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி சிறப்பு நீதிமன்றத்தில் விசாரியுங்கள், அங்கே பரிவோடு கேட்பார்கள் என்று அவருடைய தாயார் போராடினார். நீதிமன்றம் மறுத்தது. அந்தச் சட்டத்தில் வயது என்றால் பிறந்த தேதிப்படி வயதுதான், மனவயது அல்ல என்றது. எங்களைப் போன்ற பல வீடுகளில் அன்றைக்கு மனசு கசந்தது. தாயின் தவிப்பு நியாயமானது. நான் அந்தத் தீர்ப்பைப் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சரியென்றுதான் எனக்குப் படுகிறது. பாதுகாப்புக்காக இன்று குழந்தை என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்குச் சொத்துக்கும் ஓட்டுக்கும் கல்யாணத்துக்கும் அதே காகிதம் எதிரே வந்து நிற்கும். 2009-இல் அந்தச் சண்டிகர்ப் பெண்ணை ஒன்பது வயதுக் குழந்தை என்று ஒப்புக்கொண்டிருந்தால் அவருடைய விருப்பத்தை யார் கேட்டிருப்பார்கள்? வேண்டியது, பெரியவரைப் பெரியவராக வைத்துக்கொண்டே பரிவோடு விசாரிக்கிற வழி. அந்த வழி சட்டத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால், போலீஸ் அவர் வீட்டுக்கோ அவருக்கு வசதியான இடத்துக்கோ போய், சிறப்புக் கல்வியாளரையோ மொழிபெயர்ப்பாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீடியோ எடுத்துத்தான் வாக்குமூலம் பதிய வேண்டும். 2013-இல் வந்த திருத்தம் இது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கிறது. காவல் துறையில் இருக்கும் நம் நண்பர்கள் இதை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 18 முடிந்த மறுநாள், சட்டத்தின் கண்ணில் நீங்கள் தானாகவே அவருடைய காப்பாளர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இன்னும் சில வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் காப்பாளர் நியமனம். 1995 சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. அந்த 2016 சட்டம் இன்னொரு படி மேலே போய், காப்பாளர் என்பவர் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுப்பவர் அல்ல, அவரோடு கலந்து, குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு முடிவெடுக்க உதவுபவர் என்கிறது. 'வரையறுக்கப்பட்ட காப்பாண்மை' என்று பெயர். உதவி தேவைப்படுவது வேறு, குழந்தையாக இருப்பது வேறு. என் மாமியாருக்கு எண்பது வயதில் குளிக்க, உடுக்க எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. அவரை யாராவது பாப்பா என்று கூப்பிட்டிருந்தால் ஊன்றுகோல்தான் பேசியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் உண்டு. என் தொழிலிலேயே சிலர் செய்கிறார்கள். பெரியவர் என்றால் பெரியவர் மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லி, நாற்பது வயது ஆள் வைத்திருக்கும் பொம்மை ரயிலைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். கார்ட்டூன் பார்க்கக் கூடாது, கையை உதறக் கூடாது. ஏன்? ஒரே எம்.ஜி.ஆர். படத்தை நாற்பது தடவை பார்த்த பெரியப்பா நம் எல்லோர் வீட்டிலும் இருந்திருக்கிறார். கிரிக்கெட் தோற்றால் சோறு சாப்பிடாதவர் இந்த மேடையிலேயே ஒருவர் இருக்கிறார், பெயர் சொல்லவில்லை. (சிரிப்பு.) அவர்களை யாரும் மனவயது கேட்டதில்லை. தம்பி கிலோமீட்டர் கல்லைப் படிப்பது அவன் சந்தோஷம். அதைப் படிக்கிறவனும் 1975-இல் பிறந்தவன்தான்.

அவன் இப்போது ஒரு பைண்டிங் கடையில் வேலை செய்கிறான். பாரம் மடிப்பது, எண்ணி அடுக்குவது, தைப்பது. அடுக்கில் ஒரு பாரம் முன்பின் மாறினால் அவன் கை நின்றுவிடும். முதல் மாதம் கடைக்காரர் சம்பளக் கவரை என்னிடம் நீட்டினார். "வேலை செஞ்சது அவன், அவன்கிட்டயே குடுங்க" என்றேன். கொடுத்தார், அவன் அங்கேயே உட்கார்ந்து இரண்டு தடவை எண்ணினான், நூறு ரூபாய் குறைந்தது, கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அங்கே ஒரு புதுப் பையன் சேர்ந்திருக்கிறான், பத்தொன்பது வயது. அவனுக்குத் தையல் போடச் சொல்லிக் கொடுத்தது தம்பி. அந்தப் பையன் முதல் நாளிலிருந்து அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறான். யாரும் அவனுக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுக்கவில்லை. அந்தக் கடையில் வேலை கற்றுக் கொடுத்தவர் அண்ணன், அவ்வளவுதான்.

மாணவ மாணவியருக்கு, நாளைக்கு நீங்கள் கவுண்டரில் உட்காருவீர்கள், ஸ்டெதஸ்கோப் மாட்டுவீர்கள், வகுப்பு எடுப்பீர்கள். வயது சந்தேகமாக இருக்கிற ஒருவர் எதிரே வந்து நின்றால் 'நீங்க' என்றே ஆரம்பித்துவிடுங்கள். உண்மையிலேயே அவர் பதினைந்து வயதுப் பையனாக இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, சந்தோஷப்படுவான். கேள்வியை அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரமாகும்; பத்து எண்ணும் வரை பொறுங்கள். பதில் வாயால் வராமல் விரலால் வரலாம், எழுத்தில் வரலாம், போனில் தட்டிக் காட்டலாம். அப்புறமும் வரவில்லை என்றால், "உங்க அக்காகிட்ட கேட்டுக்கட்டுமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு என்னிடம் திரும்புங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. அரங்கு வாசலில் இடதுபக்கம் ஒரு மேசையில் நோட்டுப் புத்தகங்கள் வைத்திருக்கிறோம், கலிக்கோ அட்டை, இருநூறு பக்கம். தைத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். விலை என்னவென்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சரியான சில்லறையாகக் கொண்டுபோனால் நல்லது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், பாக்கியை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தருவார், பின்னால் வரிசை நின்றுவிடும்.